கொத்துவதற்கு முந்திய நொடி

நாரையும் கொக்கும் இரையைக் கொத்தும் வேகத்துக்கு மனிதக் கை ஈடுகொடுக்காது. கண் பார்த்து, விரல் கேமராவின் பொத்தானை அழுத்த ஏறக்குறைய 0.2 நொடி ஆகிறது. அதற்குள் அலகு தண்ணீருக்குள் போயிருக்கும். கொத்துவதைப் பார்த்த பிறகு அழுத்துகிறவருக்குத் தெறித்த நீர்தான் மிஞ்சும்.

இந்த வேகத்துக்குக் காரணம் கழுத்தெலும்புகளின் அமைப்பு. இந்தக் குடும்பத்துப் பறவைகளுக்கு ஆறாவது கழுத்தெலும்பு நீண்டு அமைந்திருப்பதால் கழுத்து 'எஸ்' வடிவில் மடங்குகிறது. மடங்கிய கழுத்து ஒரே வீச்சில் நிமிர்ந்து அலகை முன்னே செலுத்துகிறது. ஆகவே படமெடுப்பவர் கவனிக்க வேண்டியது அலகை அல்ல, கழுத்தை.

வயல்வரப்பிலும் குளத்தோரத்திலும் எங்கும் காணப்படும் மடையான் இதற்குப் பழக நல்ல பறவை. சுமார் 45 செ.மீ. நீளமுள்ள இது, சேற்றோடு கலந்துவிடும் தன் பழுப்பு நிறத்தை நம்பி, ஆள் நெருங்கும்வரை அசையாமல் நிற்கும். காலை மெல்ல எடுத்துவைத்து நடக்கிறதென்றால் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இரையைக் கண்டதும் உடல் முன்னால் சாயும். கழுத்து பின்வாங்கி ஒடுங்கும். அலகின் நுனி தாழ்ந்து, அசைவு அடியோடு நின்றுவிடும். தொடர் படப்பிடிப்பை அப்போதே தொடங்கிவிட வேண்டும். பல படங்கள் வீணாகும், வேறு வழியில்லை. சில மிரர்லெஸ் கேமராக்கள் பொத்தானை முழுதாக அழுத்துவதற்குச் சற்று முந்திய காட்சிகளையும் பதிவுசெய்வதால் இந்த வேலை எளிதாகியிருக்கிறது. மஞ்சள் பாதத்தால் சேற்றைக் கிளறியபடி ஓடித் திரியும் சின்னக் கொக்கிடம் இந்தக் கணிப்பு அவ்வளவாகப் பலிக்காது.

400 முதல் 600 மி.மீ. வரையிலான லென்ஸும், 1/2000 நொடி அல்லது அதைவிட வேகமான ஷட்டரும் தேவை. புதியவர்கள் பறவையைச் சட்டம் நிறைய வைத்துவிடுகிறார்கள். கழுத்து நீண்டதும் தலை படத்துக்கு வெளியே போய்விடுகிறது. அலகு நோக்கும் பக்கத்தில் தாராளமாக இடம் விட வேண்டும். இருண்ட நீரின் முன்னால் நிற்கும் வெண்கொக்கின் இறகுகள் வெளிறிப்போகாமலிருக்க, எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை குறைப்பது வழக்கம்.

உண்மையில் நல்ல படங்களில் பலவும் கொத்தி முடிந்த பிறகே கிடைக்கின்றன. செதிலும் முள்ளும் தொண்டையில் சிக்காதபடி, பறவை மீனைத் தூக்கிப்போட்டுப் பிடித்து, தலைப்பக்கம் உள்ளே போகும்படி திருப்பும். முள்ளுள்ள கெளுத்தியோ பெரிய மீனோ அகப்பட்டால் அதைக் கரைக்குக் கொண்டுவந்து அடிப்பதும் உண்டு. மீன் காற்றில் திரும்பும் அந்த நேரத்தில் அதன் கண்ணும் பறவையின் கண்ணும் சேர்ந்தே தெளிவாக விழ வாய்ப்பிருக்கிறது. கொத்தும் நொடியில் முகத்தை நீர் மறைத்துவிடும்.

வேடந்தாங்கலுக்குப் போனால் வேட்டையைப் படமெடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே பறவைகள் கூடு கட்டுகின்றன. இரைக்குச் சுற்றுவட்டார ஏரிகளையும் வயல்களையும்தான் பெரிதும் நாடுகின்றன. கூடுகளை நெருங்குவது எங்கும் கூடாது. நடவுக்கு நீர் கட்டிய வயலோரம், காலை வெயில் முதுகுப்பக்கம் விழும்படி வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவைத்து உள்ளிருந்தே எடுக்கலாம். பறவை கழுத்தை நெட்டுக்குத்தாக நீட்டினால் ஆளைக் கண்டுகொண்டது என்று அர்த்தம். சற்று விலகினால்தான் அது மறுபடி இரை தேடும். சாலையோரப் பறவைகள் வண்டிக்குப் பழகியவை. கதவு திறக்காதவரை பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை.