வன்னியின் படமாளிகைகள்: ஒரு சமூகவியற் குறிப்பு

தமிழ்ச் சினிமா பற்றி நம்மிடையே வெளிவந்துள்ள ஆய்வுகளிற் பெரும்பாலானவை திரையில் தோன்றியவற்றைப் பற்றியனவே. திரைக்கு எதிரே இருந்தவர்களைப் பற்றியும், அவர்களை ஓரிடத்தில் ஒன்றுகூட்டிய கட்டடத்தைப் பற்றியும் எழுதப்பட்டவை மிகக் குறைவு. மேலைநாடுகளின் புறநகர்க் கடைத்தொகுதிகளில் இருந்து மூடப்பட்ட சிறு படமாளிகைகள் இன்று ஏக்கத்தோடு நினைவுகூரப்படுகின்றன. அங்கு கட்டடமேனும் கடையாகவோ களஞ்சியமாகவோ மாறி நிற்கின்றது. யாழ்ப்பாண நகரில் ஸ்ரீதர் படமாளிகை பின்னர் அரசியற் கட்சியொன்றின் அலுவலகமாயிற்று. ஆனால், போரினால் ஏறக்குறைய முற்றாகவே அழிந்த கிளிநொச்சி போன்றதொரு நகரில், படமாளிகை நின்றதற்குச் சான்றாகச் சுவரொன்றைத் தேடுவதே கடினம். எனவே வன்னியின் படமாளிகைகளை நினைவுகூர்தல் வெறும் ஏக்கம் அன்று; அது வரலாற்றுப் பணியாகும்.

பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981ஆம் ஆண்டு வெளிவந்த தமது ஆங்கில நூலொன்றில், தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பார்த்த முதற் கலைநிலையம் படமாளிகையே என்றும், அங்கு இருக்கை சாதிநிலையால் அன்றிப் பணம் கொடுக்கும் ஆற்றலால் தீர்மானிக்கப்பட்டது என்றும் கருத்துப்பட எடுத்துக்காட்டினார். இக்கூற்றினை வன்னிக்குப் பொருத்திப் பார்த்தல் பயனுடையது.

வன்னிப் பெருநிலம் குடியேற்றங்களால் உருப்பெற்ற சமூகமாகும். பழைய வன்னிக் கிராமங்களுக்கு அருகே, 1930கள் தொடக்கம் கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து விவசாயிகள் வந்து குடியேறினர். 1960களில் விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களிற் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்கள் தோன்றின. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் மலையகத் தமிழர் பெருந்தொகையினராக வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளை வந்தடைந்தனர். இவர்களுக்குப் பொதுவான கோயில் இல்லை. பொதுவான ஊர்ப் பழைமையும் இல்லை. சந்தையும் பஸ் நிலையமும் படமாளிகையுமே இவர்கள் ஒருவரையொருவர் காணும் இடங்களாயின.

குடாநாட்டிலே ஆலயப் பிரவேசத்துக்காகவும் தேநீர்க்கடைப் பிரவேசத்துக்காகவும் 1960களின் பிற்பகுதியிற் போராட்டங்கள் நிகழ்ந்தன என்பதும், 1968இல் மாவிட்டபுரம் ஆலய வாசலில் மோதல் ஏற்பட்டது என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கன. அக்காலத்திலேயே கலரி டிக்கட் ஒன்றை வாங்கிய கூலித்தொழிலாளியை எவரும் ஊர், குலம் கேட்டு நிறுத்தவில்லை. எனினும் இதனை மிகைப்படுத்தலாகாது. கலரி, இரண்டாம் வகுப்பு, முதலாம் வகுப்பு, பல்கணி என்னும் பிரிவுகள் வர்க்க வேறுபாட்டைக் கண்முன் நிறுத்தின. பிறப்பின் வேலி தளர்ந்த இடத்திற் பணத்தின் வேலி எழுந்தது. ஆயினும், ஏறிச் செல்லக்கூடிய வேலிக்கும் ஏறவே முடியாத வேலிக்குமிடையே வேறுபாடு உண்டு.

இப் படமாளிகைகளைப் போரே அழித்தது என்பது பொதுவான எண்ணம். அது முழு உண்மை அன்று. நலிவின் தொடக்கம் பொருளாதாரத்திற் காணப்படுகின்றது. 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியது. மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதி தடைப்பட்டபோது வடபகுதிச் செய்கையாளர் நல்ல விலை பெற்றனர். வன்னியின் மிளகாய்த் தோட்டங்களும் பயனடைந்தன. நெல் அறுவடையோடு மட்டும் வந்துபோன காசு, தோட்டக்காரன் கையில் ஆண்டின் பிற மாதங்களிலும் புழங்கத் தொடங்கியது. அதே கொள்கை 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தைத் தோற்றுவித்து, படங்களின் இறக்குமதியையும் விநியோகத்தையும் அதன் கையில் ஒப்படைத்தது. இந்தியத் தமிழ்ப் படங்களின் வருகை கட்டுப்பாட்டுக்குள்ளாயிற்று. ஆக, டிக்கட்டுக்குக் காசு கொடுத்த கொள்கையே புதுப் படங்களின் வரவையும் குறைத்தது. உள்நாட்டுத் தமிழ்த் திரைப்படத்துக்கு ஓர் இடைவெளி திறந்ததும் இச்சூழலிலேயே. 'குத்துவிளக்கு' (1972), 'பொன்மணி' (1977), 'வாடைக்காற்று' (1978) ஆகியன அக்கால முயற்சிகளுட் சில.

1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் இந்நிலையை இரு முனைகளிலும் தலைகீழாக்கியது. இறக்குமதி மிளகாயும் வெங்காயமும் செய்கையாளரின் வருவாயைத் தாக்கின. அதே கப்பல்களிலே தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ டெக்கும் வந்திறங்கின. 1979இல் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கிற்று. 1982இல் ரூபவாஹினி வந்தது. படமாளிகையின் பொருளாதார அடித்தளம், முதற் குண்டு விழுமுன்னரே ஆட்டங்கண்டிருந்தது எனலாம்.

அதன்மேற் போர் வந்தது. 1983 ஜூலையில் தென்னிலங்கையிற் தமிழருக்குச் சொந்தமான படமாளிகைகளும் கலையகங்களும் எரியூட்டப்பட்டன. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது வடக்குக்கான ரயில் நின்றது. வன்னியின் பெரும்பகுதி மின்சாரத்தை இழந்தது. எரிபொருளும் மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. படச்சுருள் வர வழியில்லை; வந்தாலும் அதனை ஓட்ட மின்சாரம் இல்லை. கிளிநொச்சி நகரம் 1996இல் இராணுவத்திடமும், 1998இல் விடுதலைப் புலிகளிடமும், 2009 ஜனவரியில் மீண்டும் இராணுவத்திடமும் கைமாறியது. ஒவ்வொரு கைமாற்றமும் மக்களை வேரோடு பெயர்த்தது.

எனினும் கூடிப் பார்க்கும் வழக்கம் அழியவில்லை. கொட்டிலொன்று, தொலைக்காட்சிப் பெட்டி, டெக், மின்பிறப்பாக்கி ஆகியவற்றோடு 'மினி சினிமா' தோன்றியது. பல்கணியும் முதலாம் வகுப்பும் அங்கு இல்லை. யாவரும் ஒரே தரையில் அமர்ந்தனர். படமாளிகை பாதியிற் தளர்த்திய வேலியை வறுமை முற்றாகவே வீழ்த்தியது என்பது கசப்பான முரண். ஆனால் அக்கூட்டம் சிறியது. பெரும்பாலும் ஒரே அயலவர். வெவ்வேறு ஊராரும் குலத்தாரும் முகமறியாதவராய் அருகருகே இருந்து ஒரே கணத்திற் சிரித்த அனுபவம் அங்கு இல்லை. இழப்பின் மையம் இதுவே என்பது எமது கருத்து.

போர் முடிந்தபின் 2013இல் ரயில் கிளிநொச்சியை மீண்டும் வந்தடைந்தது, மின்சாரமும் வந்தது. அதே ஆண்டில் யாழ்ப்பாண நகரில் கார்கில்ஸ் சதுக்கக் கடைத்தொகுதி திறக்கப்பட்டு, குளிரூட்டிய பல்திரை அரங்கும் அதனுள் அமைந்தது. படமாளிகை கடைத்தொகுதியின் ஒரு மாடியாகும்போது, அதன் வாசலும் பொருள் வாங்க வருபவனின் வாசலாகின்றது. கலரிக்காரனுக்கு அங்கு தனி வழி இல்லை. அவன் கையில் இன்று கைத்தொலைபேசி உண்டு. அருகே இருக்க அந்நியன் இல்லை.

இவ்வரலாற்றை எழுதுவதற்கான சான்றுகளும் சிதறியுள்ளன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகமும் 'ஈழநாடு' அலுவலகமும் எரிக்கப்பட்டபோது வடபுலத்தின் அன்றாட வாழ்க்கைக் குறிப்புகள் பல அழிந்தன. எஞ்சிய பத்திரிகைகளின் திரைப்பட விளம்பரங்கள், எந்த ஊரில் எந்தப் படமாளிகையில் எந்தப் படம் ஓடியது என்பதற்கு நேரடிச் சான்றாகும். அவற்றுட் பல நூலகம் நிறுவனத்தின் மின்வடிவச் சேகரிப்பிற் கிடைக்கின்றன. ஆனால் விளம்பரம் பார்வையாளனைக் காட்டாது. படம் ஓட்டிய ஒப்பரேட்டர், டிக்கட் கிழித்தவர், ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் நோட்டீஸ் வீசிச் சென்றவர், வாசலிற் கடலை விற்றவர், இரண்டாவது காட்சி முடிந்து இருளில் வயல்வரம்பால் வீடு திரும்பியவர் ஆகியோரே அதனைச் சொல்ல வல்லவர். அவர்கள் இன்று முதியோர். பலர் இடம்பெயர்ந்தும் புலம்பெயர்ந்தும் வாழ்கின்றனர்.

எனவே, பல்கலைக்கழக மாணவர் ஊர் ஊராகச் சென்று இவர்களின் வாய்மொழியைப் பதிவுசெய்தல் வேண்டும். எந்த நடிகரை விரும்பினீர்கள் என்பதோடு நின்றுவிடாது, எங்கே இருந்தீர்கள், அருகே இருந்தவர் யார், அவரோடு வெளியிலும் பேசினீர்களா என்று கேட்டல் வேண்டும். குடியேற்றச் சனத்தொகை ஒரு சமூகமாக மாறிய விதத்தை அறிய இக்கேள்விகள் உதவும். அவற்றுக்கு விடை கூறவல்லோரின் தொகை ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது.