நூலிழையில் நிற்கும் நினைவு
உக்ரேன் கிராமத்துப் பெண்களின் பூவேலைச் சட்டை

ஆடை என்பது உடலை மறைப்பதற்கு மட்டும் உரியதன்று. அதை அணிபவர் எந்த ஊரவர், எதை நம்புகின்றார், எதை இழந்தார் என்பவற்றையும் அது சொல்லக்கூடும். உக்ரேன் நாட்டின் ‘விஷிவான்கா’ இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. நூலால் பூவேலை செய்யப்பட்ட சட்டையையே அவர்கள் இப்பெயரால் அழைக்கின்றனர். ஆண்கள், பெண்கள், குழந்தைகள் யாவரும் இதனை அணிவர். 2022 பெப்ரவரியில் ரஷ்யா அந்நாட்டின் மீது முழு அளவிலான படையெடுப்பைத் தொடங்கிய பின்னர், செய்திப் படங்களில் இச்சட்டையை நாம் அடிக்கடி கண்டிருக்கிறோம். அழகான சட்டை என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அதன் பின்னால் உள்ள உழைப்பைச் சற்று நின்று பார்ப்போம்.

வயலிலிருந்து சட்டைக்கு

முற்காலத்தில் இச்சட்டையின் கதை வயலிலேயே தொடங்கியது. ஆளிச் செடியையும் சணலையும் பெண்கள் வேரோடு பிடுங்கி, நீரில் ஊறவைத்து, காயவைத்து, அடித்து, சீவி நாரெடுத்தனர். பனி பெய்யும் நீண்ட குளிர்கால இரவுகளில் அந்த நாரை நூலாக நூற்றனர். பின்னர் தறியில் நெய்த துணியைப் புல்வெளியில் விரித்து வெயிலில் வெளுக்க வைத்தனர். இத்தனையும் முடிந்த பிறகே ஊசியில் நூல் கோக்கப்பட்டது. இளம் பெண்கள் மாலையில் ஒரு வீட்டில் கூடிப் பாடியபடியே தைப்பார்கள். மணமாகிப் போகும் பெண் தன் கையால் தைத்த சட்டைகளையும் துவாய்களையும் ஒரு பெட்டியில் நிறைத்துக்கொண்டு போவாள். அந்தப் பெட்டியே அவளது திறமைக்குச் சாட்சி.

ஓரங்களில் ஏன் பூவேலை?

இச்சட்டையில் பூவேலை பெரும்பாலும் கழுத்து, நெஞ்சுப் பிளவு, தோள், மணிக்கட்டு, கீழோரம் ஆகிய இடங்களிலேயே காணப்படும். உடலுக்கும் வெளியுலகுக்கும் இடையே வாசல்போல் அமைந்தவை இந்த ஓரங்கள். தீமை அந்த வழியாக உள்ளே நுழையாதபடி தையல் காவல் நிற்கும் என்பது பழைய நம்பிக்கை. போருக்கோ தூரப் பயணத்துக்கோ போகும் மகனுக்குத் தாய் தைத்துக் கொடுத்த சட்டையில் அவளது வேண்டுதலும் சேர்ந்தே இருந்தது.

உருவங்களுக்கும் பொருள் உண்டு. நான்காகப் பிரிக்கப்பட்டு நடுவே புள்ளிகள் இட்ட சாய்சதுரத்தை விதைத்த வயல் என்பர். ஓக் மரத்தின் இலை வலிமையையும், திராட்சைக் குலை குடும்ப மகிழ்ச்சியையும் குறிக்கும். ‘கலினா’ எனும் செந்நிறப் பழக்கொத்து பெண்ணின் அழகையும் தாய்மண்ணையும் நினைவூட்டும். ஆனால் ஒன்றை நாம் மறக்கலாகாது. ஒவ்வொரு பூவுக்கும் ஒரே பொருள் என்று சொல்லும் பட்டியல்கள் பெரும்பாலும் பிற்காலத்தவை. ஊருக்கு ஊர் பொருள் வேறுபட்டது. “அம்மா இப்படித் தைத்தார், நானும் தைக்கிறேன்” என்பதே பல பெண்களுக்குப் போதுமான காரணமாயிருந்தது.

தேவாலயத்திலும் இத்தையலுக்கு இடமுண்டு. திருவுருவப் படங்களின் மேல் பூவேலைத் துவாய் சாத்தப்படுகிறது. மணமக்கள் அத்தகைய துவாயின் மேல் நின்று திருமணம் செய்கின்றனர். உயிர்ப்பு ஞாயிறன்று ஆசீர்வாதத்துக்குக் கொண்டுவரும் உணவுக் கூடையைப் பூவேலைத் துணியால் மூடுகின்றனர். விருந்தினரை வரவேற்கும் அப்பமும் உப்பும் துவாயின் மீதே வைத்து நீட்டப்படுகின்றன.

ஊருக்கு ஒரு கை

சட்டையைப் பார்த்தே அணிந்தவரின் ஊரை அறிந்த காலம் ஒன்று இருந்தது. பொல்தாவாப் பகுதியில் வெள்ளைத் துணியில் வெள்ளை நூலாலேயே தைப்பர். கிட்ட நின்று பார்த்தால்தான் அந்த வேலைப்பாடு தெரியும். கார்பேதிய மலையில் வாழும் ஹுட்சுல் மக்கள் செம்மஞ்சளும் சிவப்பும் கலந்த கோண வடிவங்களை விரும்புவர். புக்கோவினாவில் மணிகளைக் கோத்துத் தைப்பர். போர்ஷ்சிவ் பகுதிச் சட்டையின் கைகள் தடித்த கறுப்பு நூலால் நிறைந்திருக்கும். முன்னொரு காலத்துப் படையெடுப்பில் ஆண்களை இழந்த பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் துக்கம் காத்ததால் வந்த கறுப்பு அது என்று மக்கள் கதை சொல்வர்.

மரபு என்பது மாறாத ஒன்றும் அன்று. இன்று பலரும் பழமையானது என எண்ணும் சிவப்பு, கறுப்பு ரோசாப்பூக் குறுக்குத் தையல் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. மாஸ்கோவில் 1864இல் தொடங்கப்பட்ட புரோக்கார் சவர்க்காரக் கம்பனி, தன் சவர்க்காரத்தோடு அச்சிட்ட பூ மாதிரிகளையும் கொடுத்தது. சவர்க்காரம் கரைந்து போயிற்று. பூ சட்டையில் தங்கிவிட்டது.

தடையும் பட்டினியும்

1876இல் ரஷ்யப் பேரரசன் உக்ரேனிய மொழியில் நூல்கள் அச்சிடுவதைத் தடைசெய்தான். அதே ஆண்டில் ஒலேனா பிச்சில்கா என்ற பெண் எழுத்தாளர், கிராமங்களில் தாம் திரட்டிய தையல் மாதிரிகளைக் கீவ் நகரில் நூலாக வெளியிட்டார். சொல்லுக்குத் தடை வந்தபோது நூலிழை பேசியது.

1932-33ஆம் ஆண்டுகளில் சோவியத் அரசு தானியத்தைப் பறித்ததால் உண்டான பெரும் பஞ்சத்தில் இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். பெட்டியில் காத்து வைத்த பூவேலைத் துணிகளும் உணவுக்காகக் கைமாறின. பிந்திய ஆண்டுகளில் தையற்காரிகள் கூட்டுறவுகளிலும் ஆலைகளிலும் சேர்க்கப்பட்டனர். மேடை நடனத்தில் விஷிவான்காவுக்கு இடம் கிடைத்தது. ஆனால் 1960களிலும் 70களிலும் தன் மொழிக்காகக் குரல் கொடுத்த ஒருவர் அதைத் தெருவில் அணிந்தால் சந்தேகத்துக்கு ஆளானார். அக்காலத்தில் இவான் ஹொன்சார் என்ற சிற்பி ஊர் ஊராகச் சென்று பழைய சட்டைகளையும் துவாய்களையும் சேகரித்துத் தம் வீட்டிலேயே வைத்தார். இன்று கீவ் நகரில் அவர் பெயரால் ஓர் அரும்பொருளகம் இருக்கிறது.

இடது கையால் தைத்தவர்

வீரா ரோயிக் 1911இல் லுப்னி நகரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் காயமுற்று அவரது வலது கை செயலிழந்தது. தையற்காரிக்கு வலது கை போனால் என்ன மிஞ்சும்? அவர் இடது கையால் ஊசி பிடிக்கப் பழகினார். 1952இல் கிரிமியாவின் சிம்பரோபோல் நகரில் குடியேறி, பல பகுதிகளின் தையல் முறைகளைக் கற்று, பிள்ளைகளுக்கும் கற்பித்தார். 2006இல் ‘உக்ரேனின் வீரர்’ என்ற உயர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2010இல் காலமானார். கை போனாலும் கலை போகவில்லை.

இன்று

2006இல் செர்னிவ்சி பல்கலைக்கழக மாணவர்கள் ஒருநாள் அனைவரும் விஷிவான்கா அணிந்து வருவோம் எனத் தொடங்கியது இன்று நாடளாவிய நாளாகிவிட்டது. ஆண்டுதோறும் மே மாதத்து மூன்றாம் வியாழக்கிழமை அலுவலகம், பாடசாலை, வைத்தியசாலை எங்கும் அச்சட்டை தெரிகிறது. போரால் வீடிழந்து பிற நாடுகளுக்குச் சென்றவர்களும் அந்நாளில் அதை அணிகின்றனர்.

ஆயினும் ஒரு கவலை உண்டு. கையால் தைக்கும் சட்டைக்கு மாதக்கணக்கில் உழைப்பு வேண்டும். இயந்திரம் அதே பூவை மிகக் குறுகிய நேரத்தில் தைத்துவிடும். மலிவான சட்டை எல்லோருக்கும் கிட்டுவது நன்மையே. ஆனால் வெள்ளை மேல் வெள்ளை தைக்கத் தெரிந்த முதியவளிடம் கற்க யாரும் வராவிட்டால், அவளோடு அந்தக் கையும் மண்ணுக்குள் போய்விடும். கையுழைப்பைப் புகழ்ந்துவிட்டு விலை கேட்கும்போது பின்வாங்குவது எங்கும் உள்ள வழக்கம். மரபைக் காப்போம் என்று கூறும் நாம், அதைச் செய்யும் பெண்ணுக்கு அவளது நாட்களுக்கு ஏற்ற கூலி கிடைக்கிறதா என்றும் கேட்க வேண்டும். புகழ்ச்சியால் மட்டும் அடுப்பு எரிவதில்லை.