ஹார்வர்டுக்கு டாட்டா!

ஹார்வர்ட்ல புரொஃபசர் வேலை. வேணாம்னு யாராச்சும் விடுவாங்களா பாஸ்? ஹென்றி நௌவென் விட்டார்!

நெதர்லாந்தில் பிறந்த கத்தோலிக்கப் பாதிரியார். புத்தகங்களால் புகழ் பெற்றவர். 1986-ல் கனடாவின் டொராண்டோ அருகே, மனவளர்ச்சி குன்றியவர்களோடு உதவியாளர்களும் சேர்ந்து வாழும் 'டேபிரேக்' இல்லத்துக்குக் குடிபோனார்.

அங்கே என்ன வேலை? பேச வராத ஆடம் என்ற இளைஞரைத் தினமும் காலையில் குளிப்பாட்டி, டிரெஸ் மாட்டி, டிபன் சாப்பிட வைக்கணும். இவர் அவசரப்பட்டா ஆடமுக்கு வலிப்பு வந்துடும். ஸோ, ஆடமோட வேகம்தான் புரொஃபசரோட வேகம். அதிகாரம் காலி!

சீடர்களின் காலைக் கழுவினார் இயேசு. அதைப் பத்தி லெக்சர் கொடுக்கிறது ஈஸி, செய்றதுதான் கஷ்டம். ஒரு வார்த்தைகூடப் பேசாத ஆடமைத் தன் ஆசிரியர் என்றே எழுதினார், அந்த ஹார்வர்ட் புரொஃபசர்.