பழைய உழவு யந்திரத்துக்குச் சிறிய எஞ்சின் பொருத்துதல்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை நெற்செய்கைக்கும், கிழக்கேயுள்ள எழுவான்கரையின் மணற்பாங்கான நிலங்கள் மரக்கறிச் செய்கைக்கும் பேர்பெற்றவை. இவ்விரு கரைகளிலும் உழவு யந்திரம் கமக்காரரின் இன்றியமையாத துணையாக உள்ளது. ஆயினும் யந்திரத்தின் எல்லா உறுப்புகளும் ஒரே காலத்தில் தேய்வதில்லை. பற்சில்லுப் பெட்டியும் அச்சும் நல்ல நிலையில் இருக்க, எஞ்சின் மாத்திரம் பழுதடைந்து வளவில் துருப்பிடித்து நிற்கும் யந்திரங்கள் பல உள. புதிய யந்திரத்தை வாங்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. எனவே, தண்ணீர்ப் பம்பிகளிலும் இரு சில்லு உழவு யந்திரங்களிலும் பயன்படும் ஒற்றை உருளை டீசல் எஞ்சின் ஒன்றைப் பழைய யந்திரத்துக்குப் பொருத்தலாமா என்ற கேள்வி எழுகின்றது.

இரு சில்லு யந்திரத்துக்குத் தயக்கமின்றிப் பொருத்தலாம். நாலு சில்லு யந்திரத்துக்கோ சில வேலைகளுக்கு மாத்திரமே, அதுவும் தக்க ஏற்பாடுகளுடனேயே பொருத்தலாம். இதற்கான காரணங்களை அறியாது பணத்தைச் செலவிட்டவர் பணத்தோடு ஒரு போகத்தையும் இழக்க நேரிடும்.

பழைய எஞ்சினை முதலிற் சோதித்தல்

எஞ்சினை மாற்றத் தீர்மானிக்குமுன், அது உண்மையிலேயே பயனற்றதாகிவிட்டதா என அறிதல் வேண்டும். புகையின் நிறம் இதற்குச் சிறந்த அடையாளம். கரும்புகை வருமாயின் காற்று வடி அடைபட்டிருக்கலாம். அல்லது எரிபொருளைத் தூவும் முனை பழுதாகியிருக்கலாம். இவை சிறு செலவிற் சீராகும். வெண்புகை தொடர்ந்து வருமாயின் எரிபொருள் முற்றாக எரியவில்லை, அல்லது உருளைக்குள் தண்ணீர் கசிகின்றது என்பது பொருள். நீலப்புகை வருவது, உராய்வெண்ணெய் உருளைக்குட் புகுந்து எரிவதைக் காட்டும். ஆடுதண்டின் வளையங்களோ உருளையின் உட்சுவரோ தேய்ந்திருப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். இந்நிலையிலும் வளையங்களையும் உருளை உறைகளையும் மாற்றுவதால் எஞ்சினை மீட்கக் கூடும். சுழல்தண்டு முறிந்த, அல்லது எஞ்சினின் உடல் வெடித்த யந்திரங்களுக்கும், உதிரிப்பாகம் கிடையாத மிகப் பழைய யந்திரங்களுக்குமே எஞ்சின் மாற்றம் ஏற்றது.

முன்னைய அனுபவம்

எஞ்சினை மாற்றுவது புதிய வழக்கமன்று. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான சிறிய பேர்குசன் யந்திரங்களிற் பல, பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ இயங்கின. 1950-களில் பேர்க்கின்ஸ் நிறுவனத்தார் 'பீ 3' என்னும் மூன்று உருளை டீசல் எஞ்சினை அவற்றுக்குப் பொருத்துவதற்கு வேண்டிய துணையுறுப்புகளுடன் விற்றனர். பழைய எஞ்சின் இருந்த இடத்திலேயே, அதே பாரத்தைத் தாங்கும் வகையில் அது அமைந்தது. வலுவும் பழைய எஞ்சினுக்குக் குறையவில்லை. இவ்விரு நிபந்தனைகளும் நிறைவேறியமையாலேயே யந்திரம் முன்போல் உழுதது. ஒற்றை உருளைச் சிறு எஞ்சினைப் பொருத்தும்போது இவ்விரண்டும் நிறைவேறுவதில்லை.

வலுவும் வேலையும்

75 கிலோகிராம் பாரத்தை ஒரு செக்கனில் ஒரு மீற்றர் உயரம் தூக்கும் ஆற்றலே ஒரு குதிரைவலு எனப்படும். பற்சில்லுகள் இழுவையைக் கூட்டும்போது வேகத்தைக் குறைக்கும்; வேகத்தைக் கூட்டும்போது இழுவையைக் குறைக்கும். வலுவை அவை ஒருபோதும் பெருக்குவதில்லை.

ஓர் உதாரணத்தைக் கவனிப்போம். சேற்று வயலில் கலப்பை 300 கிலோகிராம் இழுவையை வேண்டுகிறது எனவும், யந்திரம் தன் சொந்தப் பாரத்துடன் சேற்றில் நகர மேலும் 300 கிலோகிராம் வேண்டும் எனவும் கொள்வோம். மணிக்கு 4 கிலோமீற்றர் வேகத்தில் இதற்கு ஏறக்குறைய 9 குதிரைவலு செல்லும். சில்லுகள் வழுக்குவதால் மூன்றில் ஒரு பங்கு வீணாகுமாயின், எஞ்சின் 13 குதிரைவலுவுக்கு மேல் தருதல் வேண்டும். பொதுவாகக் கிடைக்கும் 12 குதிரைவலு எஞ்சின் இதற்குப் போதாது. ஆகவே, படுவான்கரையின் களிமண் வட்டைகளில் நாலு சில்லு யந்திரத்தைச் சிறு எஞ்சினால் உழச் செய்ய முயல்வது வீண்.

இழுவைப் பெட்டியின் கணக்கு வேறு. யந்திரமும் பெட்டியும் சுமையும் சேர்ந்து 3,000 கிலோகிராம் எனவும், இறுகிய மண்வீதியின் தடை அதன் இருபதில் ஒரு பங்கு எனவும் கொண்டால், இழுவை 150 கிலோகிராம் ஆகும். மணிக்கு 8 கிலோமீற்றர் வேகத்தில் இதற்கு நாலரைக் குதிரைவலு போதும். எழுவான்கரையின் இளமணற் பாதையிலோ தடை மும்மடங்காகலாம். அங்கே தாழ்ந்த கியரில் மெதுவாகச் செல்லுதல் வேண்டும்.

இன்று நெல்லறுவடையும் சூடடிப்பும் பெரும்பாலும் கூட்டு அறுவடை யந்திரங்களால் நடைபெறுகின்றன. எனவே பழைய நாலு சில்லு யந்திரத்துக்கு எஞ்சியுள்ள வேலை நெல்மூடைகளையும் பசளையையும் வைக்கோலையும் ஏற்றிச் செல்வதும் தண்ணீர் இறைப்பதுமே. இவ்வேலைகளுக்குச் சிறு எஞ்சின் தகும். ஒரு குதிரைவலு ஒரு மணி நேரம் வேலை செய்ய ஏறக்குறையக் கால் லீற்றர் டீசல் செல்லும். ஐந்து குதிரைவலு மாத்திரம் தேவைப்படும் வேலைக்கு 35 குதிரைவலு எஞ்சினை ஓட்டுவது எரிபொருளை வீணாக்குவதாகும். 2022ஆம் ஆண்டு நாட்டில் ஏற்பட்ட எரிபொருட் தட்டுப்பாட்டை அனுபவித்த கமக்காரருக்கு இதன் அருமை தெரியும்.

இரு சில்லு யந்திரம்

1950-களில் லாண்ட்மாஸ்டர் என்னும் இரு சில்லு உழவு யந்திரத்தை உருவாக்கியவர் இலங்கையரான றே விஜேவர்தன (1924–2010). இன்று நம் நாட்டிற் பெரிதும் வழங்கும் இரு சில்லு டீசல் யந்திரங்களில் எஞ்சின் ஒரு சட்டத்தின் மேல் தனியாக அமர்ந்து, பட்டிகளால் பற்சில்லுப் பெட்டியைச் சுழற்றுகின்றது. நான்கு ஆணிகளைக் கழற்றினால் எஞ்சின் வெளியே வரும். ஆகையால் புதிய எஞ்சினைப் பொருத்துவது இலகு. பழைய எஞ்சினின் வலுவுக்கும் சுற்றுவேகத்துக்கும் இணையான எஞ்சினையே தெரிவு செய்தல் வேண்டும். அதிக வலுவுள்ளது நல்லதென எண்ணிப் பெரிய எஞ்சினைப் பூட்டினால், பழைய பெட்டியின் பற்கள் முறியும். முன்பாரம் கூடி யந்திரம் சேற்றில் மூக்குக் குத்தும்.

நாலு சில்லு யந்திரம்

பேர்குசன், மாசி பேர்குசன் 35 முதலிய யந்திரங்களுக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. எஞ்சினின் உடலே முன்னச்சையும் பற்சில்லுப் பெட்டியையும் இணைத்து நிற்கின்றது. எஞ்சினைக் கழற்றினால் யந்திரம் இரு துண்டாகிவிடும். ஆதலால் பின்வருவன கவனிக்கப்படல் வேண்டும்.

1. முன்னச்சையும் பெட்டியையும் இணைக்க, தடித்த வாய்க்கால் வடிவ இரும்பினால் இருபுறமும் சட்டம் அமைத்தல் வேண்டும். பழைய ஆணித் துளைகளிலேயே அதனை முடுக்குதல் நன்று. வார்ப்பிரும்புப் பெட்டியின்மேல் சாதாரண முறையில் ஒட்டுவேலை செய்தால், ஒட்டிய இடமே பின்னர் வெடிக்கும்.

2. கிளச்சு பழைய எஞ்சினின் பறக்குஞ் சில்லில் பூட்டப்பட்டிருப்பதால் எஞ்சினுடன் அதுவும் வெளியேறும். எனவே புதிய சட்டத்தில் இரு பேரிங்குகளின் மேல் ஒரு தண்டை அமைத்து, அதன் பின்முனையில் பறக்குஞ் சில்லையும் கிளச்சையும், முன்முனையிற் கப்பியையும் பொருத்துதல் வேண்டும். இத்தண்டு பெட்டியின் தண்டுக்கு நேர்கோட்டில் இருத்தல் அவசியம். இது தேர்ந்த கடைசற் பட்டறையின் வேலையாகும்.

3. ஒற்றை உருளை எஞ்சின் விட்டுவிட்டு உதைப்பது. அதனைப் பெட்டியுடன் நேராக இணைத்தால் ஒவ்வோர் உதையும் பற்களைத் தாக்கும். பட்டிகள் இவ்வுதையைத் தாங்கிக்கொள்ளும்.

4. சுழலும் திசை பழைய எஞ்சினின் திசையாகவே இருத்தல் வேண்டும். மாறினால் முன்செல்லும் கியர்கள் யாவும் பின்னோக்கிச் செல்லும். திசை மாறியிருப்பின் எஞ்சினை மறுமுகமாகத் திருப்பி வைத்துக் கப்பியைப் பூட்டலாம்.

5. சிறு எஞ்சினின் பாரம் குறைவு. முன்புறம் இலேசாவதால், சுமையுடன் வரம்பிலோ குளக்கட்டிலோ ஏறும்போது முன்சில்லுகள் மேலெழுந்து யந்திரம் பின்புறமாகக் கவிழக்கூடும். ஓட்டுநர் அதன்கீழ் நசுங்குவார். எனவே, குறைந்த பாரத்துக்கு ஈடான இரும்புப் பாரத்தை முன்னச்சின்மேல் உறுதியாகப் பூட்டுதல் வேண்டும். இழுவைப் பெட்டியைத் தாழ்ந்த கொளுவியில் மாத்திரமே கொளுவுதல் வேண்டும்.

6. பட்டி வழுக்கினாலோ அறுந்தாலோ எஞ்சின் வண்டியைத் தடுத்து நிறுத்த உதவாது. ஆகையால் முதலில் இரு பின்சில்லுகளின் தடுப்புகளையும் சீர்செய்தல் வேண்டும்.

கப்பிகளின் அளவு

எஞ்சினின் சுற்றுவேகத்தை எஞ்சின் கப்பியின் விட்டத்தாற் பெருக்கிப் பெட்டிக் கப்பியின் விட்டத்தால் வகுத்தால், பெட்டியின் சுற்றுவேகம் கிடைக்கும். நிமிடத்துக்கு 2,000 சுற்றுச் சுழலும் எஞ்சினில் 15 சென்றிமீற்றர் கப்பியையும், பெட்டியில் 20 சென்றிமீற்றர் கப்பியையும் பூட்டினால் பெட்டி 1,500 சுற்றுச் சுழலும். பழைய பேர்குசனில் இவ்வேகத்தில் வலு எடுக்கும் பின்தண்டு ஏறக்குறைய 540 சுற்றுச் சுழலும். பின்தண்டிற் பூட்டும் கருவிகளிற் பெரும்பாலானவை இவ்வேகத்துக்கே அமைந்தவை. கப்பிகளை இடம் மாற்றிப் பூட்டினால் பெட்டி 2,600 சுற்றுக்கு மேற் சுழன்று, பின்தண்டின் கருவி சிதறும் அபாயம் உண்டு.

12 குதிரைவலுவுக்கு மூன்று அல்லது நான்கு பட்டிகள் வேண்டும். ஒன்று தேய்ந்தாலும் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுதல் நன்று. புதியதும் பழையதும் கலந்தால் புதியதே முழுச் சுமையையும் தாங்கி விரைவில் அறும். பட்டிகளையும் கப்பிகளையும் தகட்டு உறையால் மூடாமல் யந்திரத்தை இயக்கலாகாது. சாரத்தின் நுனியோ சேலைத் தலைப்போ சிக்கினால், கையோ உயிரோ போகும்.

நீர், காற்று, எண்ணெய்

ஒற்றை உருளை எஞ்சின்களிற் பல, தொட்டியிலுள்ள நீர் கொதித்து ஆவியாவதாற் குளிர்கின்றன. வாவியின் உவர்நீரை அத்தொட்டியில் ஊற்றலாகாது. நீர் ஆவியாக, உப்பு எஞ்சி உருளையைச் சுற்றிப் படியும், வெப்பம் வெளியேறாது ஆடுதண்டு இறுகும், இரும்பும் அரிக்கப்படும். கோடையில் வாவியோரக் கிணறுகள் சிலவும் உவர்ப்பதால், நாவிற் சுவைத்துப் பார்த்தே நீர் எடுத்தல் வேண்டும். நல்ல நீரைக் கலன் ஒன்றில் உடன் கொண்டு செல்லுதல் சிறந்தது.

மணற்றூசு மிகுந்த எழுவான்கரையிற் காற்று வடியை நாள்தோறும் துப்புரவு செய்தல் வேண்டும். சேற்றில் வேலைசெய்த யந்திரத்தை நன்னீராற் கழுவி, பட்டி ஓடும் முகங்கள் தவிர்ந்த பிற இரும்புப் பகுதிகளுக்கு எண்ணெய் பூசினால் கடற்காற்றின் துரு அணுகாது. கழித்த எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ ஊற்றாமற் கலத்திற் சேர்த்து வைத்தல் வேண்டும். அது பயிரையும் வாவியின் மீன்வளத்தையும் கெடுக்கும்.

காலமும் செலவும்

பெரும்போக மழைக்கு முன்னரே இவ்வேலை முடிதல் வேண்டும். சிறுபோக அறுவடைக்குப் பின் உள்ள இடைக்காலம் இதற்கு ஏற்றது. விதைப்புக் காலத்தில் யந்திரத்தைப் பட்டறையில் விட்டவர் பிறரின் யந்திரத்துக்குக் கூலி கொடுத்துக் காத்திருக்க நேரிடும்.

எஞ்சினின் விலையை மாத்திரம் கணக்கிடுதல் தவறு. சட்டம், தண்டு, பேரிங்கு, கப்பி, பட்டி, உறை, முன்பாரம், கூலி ஆகிய யாவற்றையும் முன்கூட்டியே எழுதிக் கூட்டுதல் வேண்டும். அத்தொகை பழைய எஞ்சினைத் திருத்தும் செலவை நெருங்குமாயின், திருத்துவதே நன்று. ஏனெனில் திருத்திய யந்திரம் உழவும் செய்யும். நீர் இறைப்பதே முக்கிய தேவையாயின், சிறு எஞ்சினைத் தனியாகப் பம்பியுடன் பூட்டி மரக்கறித் தோட்டத்திற் பயன்படுத்துவது எல்லாவற்றிலும் மலிவான வழியாகும்.

யந்திரத்தின் பதிவுப் பத்திரத்தில் எஞ்சின் இலக்கம் குறிக்கப்பட்டிருக்கும். ஆகவே எஞ்சினை மாற்றியவர், பொதுவீதியில் ஓட்டுமுன் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ளுதல் வேண்டும்.

வேலை முடிந்ததும் முதலிற் சுமையின்றியும், பின்னர் அரைச் சுமையுடனும் சமநிலத்தில் ஓட்டிப் பார்த்து, ஆணிகளை மீண்டும் முடுக்கிய பின்னரே முழுச் சுமை ஏற்றுதல் வேண்டும். வேலைக்கேற்ற வலுவையும் வலுவுக்கேற்ற வேலையையும் அறிந்து நடக்கும் கமக்காரருக்குப் பழைய யந்திரம் இன்னும் பல போகங்கள் பயன் தரும்.