சமிக்ஞை (யுனிக்ஸ்)

சமிக்ஞை (சிக்னல்) என்பது யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில், இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு செயலாக்கத்திற்கு (புராசஸ்) ஒரு நிகழ்வைத் தெரிவிக்கக் கருவகம் வழங்கும் சிறு அறிவிப்பு ஆகும். ஒவ்வொரு சமிக்ஞைக்கும் ஓர் எண்ணும் பெயரும் உண்டு. பொசிக்ஸ் சீர்தரம் இவற்றை வரையறுக்கிறது.

கையாளும் முறை

சமிக்ஞையைப் பெறும் நிரல் தனக்கென எழுதப்பட்ட கையாளியை இயக்கலாம்; புறக்கணிக்கலாம்; இயல்பான விளைவுக்கு விட்டுவிடலாம். பெரும்பாலானவற்றின் இயல்பான விளைவு, நிரல் நிறுத்தப்படுவதே.

எடுத்துக்காட்டுகள்

* சிக்-இன்ட் (2): முனையத்தில் கண்ட்ரோல்-சி அழுத்தும்போது அனுப்பப்படுகிறது.
* சிக்-செக்வி (11): தவறான நினைவக முகவரியை நிரல் அணுகும்போது எழுகிறது.
* சிக்-டெர்ம் (15): 'கில்' கட்டளை இயல்பாக அனுப்புவது. நிரல் தன் தரவைச் சேமித்துவிட்டு முடியலாம்.
* சிக்-கில் (9): பிடிக்கவோ புறக்கணிக்கவோ இயலாது. சேமிக்க வாய்ப்பின்றி நிரல் முடிவதால், நினைவகத்தில் மட்டுமே இருந்த தரவு இழக்கப்படும். ஆகவே முதலில் 15ஐ அனுப்பி, பயனில்லையெனில் மட்டுமே 9ஐப் பயன்படுத்துவது நல்லது.