எங்கே நின்று எடுப்பது, எதைக் கொண்டு எடுப்பது

இரவுப் பொதுக்கூட்டம். மேடைக்குப் பின்னால் ஆளுயரத்தைப் போல மூன்று மடங்கு எல்.இ.டி. திரை, தலைக்கு மேலே வரிசையாக எல்.இ.டி. விளக்குகள். தலைவர் மைக்கைப் பிடித்ததும் புது மிரர்லெஸ் கேமரா வாங்கிய இளைஞர் ஒருவர், சத்தமே வராத எலெக்ட்ரானிக் ஷட்டரில் சரமாரியாகத் தட்டித் தள்ளுகிறார். பிறகு திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் தலைவரின் வெள்ளைச் சட்டை முழுக்கக் குறுக்கே பட்டை பட்டையாகக் கறுப்புக் கோடுகள். பக்கத்தில் பழைய டி.எஸ்.எல்.ஆரோடு நிற்கும் மூத்தவரின் படத்தில் ஒரு கோடு கூட இல்லை.

கோளாறு கேமராவில் இல்லை. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுற்று ஓடுகிறது. அதில் எரியும் மலிவான எல்.இ.டி. நொடிக்கு நூறு முறை மங்கி எழுகிறது. கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஆனால் எலெக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. படித்து முடிப்பதற்குள் விளக்கு மங்கினால் அந்த வரிகள் இருண்டுவிடும். மூத்தவர் செய்ததெல்லாம் சாதாரண மெக்கானிக்கல் ஷட்டரில் 1/100 வேகத்தில் எடுத்ததுதான். பின்னால் இருக்கும் ராட்சதத் திரையின் மினுக்கம் வேறு கணக்கு. ஆனால் முகத்தில் விழும் விளக்குக்கு 1/50, 1/100 என்ற இரண்டு எண்களே பெரும்பாலும் போதும். அவற்றுக்குக் காசு கிடையாது.

பத்திரிகைப் புகைப்படக்காரராக வேண்டும் என்று வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எந்த கேமரா வாங்கலாம்? அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, எங்கே நின்று எடுக்கப் போகிறோம், அங்கே வெளிச்சம் எவ்வளவு இருக்கும் என்பது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் லென்ஸ் தானாகத் தெரிந்துவிடும். லென்ஸ் தெரிந்தபின் மிச்சமிருக்கும் பணத்துக்கு எந்த பாடி வருகிறதோ அதுவே சரியான பாடி. கடைகளில் வியாபாரம் நடப்பது நேர் எதிர்த் திசையில்.

மதுரைப் பக்கம் இதற்கு இரண்டு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. தை மாதம் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. படமெடுப்பவர் தடுப்புக்கு வெளியே, காளைக்கு வெகு தூரத்தில் நிற்கிறார். மாடு வாடிவாசலை விட்டுப் பாய்ந்து வருவதை உறைய வைக்க 1/1000 நொடியாவது வேண்டும். ஆனால் வெயில் கொட்டுகிறது. அங்கே 70-300 மி.மீ. போன்ற, எஃப்/5.6 அளவுக்கே திறக்கும் மலிவான ஜூம் லென்ஸ் நன்றாகவே வேலை செய்யும். ஒன்றரை லட்சத்துக்கு மேல் விலையுள்ள 70-200 எஃப்/2.8 இல்லாமல் ஜல்லிக்கட்டு எடுக்க முடியாது என்று சொல்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருக்கலாம்.

அதே மதுரையில் சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குகிறார். பொழுது புலர்ந்தும் புலராத நேரம். தங்கக் குதிரை மீது மின்விளக்கு வெளிச்சம், சுற்றிலும் அரை இருட்டில் ஜனக்கடல். ஜல்லிக்கட்டில் கைகொடுத்த லென்ஸ் இங்கே படுத்துவிடும். எஃப்/2.8 லென்ஸ் எஃப்/5.6 லென்ஸைப் போல நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. எஃப்/1.8 லென்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு. பழைய டி.எஸ்.எல்.ஆர். வகைக்கான 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் பத்தாயிரம் ரூபாய் சுமாருக்கே கிடைக்கிறது. லட்சங்கள் கொடுத்துப் பாடியை மாற்றி ஐ.எஸ்.ஓ.வில் கிடைக்கும் லாபத்தை விட இது பெரிய லாபம். ஜூம் இல்லையே என்றால், கால் இருக்கிறது. கூட்டத்தில் நகர முடியாது என்பது உண்மைதான். அதனால்தான் அன்றைக்கு நள்ளிரவிலேயே போய் இடம் பிடிக்கிறார்கள். இன்னொன்று, அழகருக்கு நேர்ந்துகொண்டவர்கள் தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சியடிப்பார்கள். கேமராவுக்கு ஒரு பாலித்தீன் உறையும் ரப்பர் பேண்டும் இல்லாமல் போனவருக்கு அன்றைய நாள் அத்தோடு முடிந்தது.

மெகாபிக்சல் பற்றி ஒரு சின்னக் கணக்கு. நாளிதழில் எட்டு அங்குல அகலத்துக்கு ஒரு படம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 200 புள்ளி வீதம் 1,600 பிக்சல் அகலம் போதும். மொத்தம் இருபது லட்சம் பிக்சலுக்கும் குறைவு. 1994இல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனமும் கோடாக்கும் சேர்ந்து கொண்டுவந்த என்.சி. 2000 கேமராவில் இருந்தது வெறும் 13 லட்சம் பிக்சல். செய்தித்தாள்களை மொத்தமாக டிஜிட்டலுக்குத் திருப்பிய நிகான் டி1 வந்தது 1999இல். அதில் 27 லட்சம். உலகின் முதல் பக்கங்கள் அதிலேயே நிரம்பின. தூரத்தில் நிற்கும் விளையாட்டுப் படக்காரருக்கு வெட்டியெடுக்கக் கூடுதல் பிக்சல் உதவும் என்பதை மறுக்க முடியாது. மற்றவர்களுக்கு அது மெமரி கார்டை நிரப்பும், அனுப்பும் நேரத்தை இழுக்கும்.

மேக்னம் குழுவைச் சேர்ந்த இத்தாலியரான அலெக்ஸ் மயோலி, 2003 வாக்கில் இராக், காங்கோ போன்ற போர்முனைகளுக்கு ஒலிம்பஸ் சி-5050 என்ற கையடக்கக் கேமராக்களோடு போனார். குடும்பச் சுற்றுலாவுக்கு எடுத்துப் போகிற வகைக் கேமரா அது. அவரைப் பார்த்து யாரும் மிரளவில்லை. ஷட்டர் சத்தமும் இல்லை. அந்தக் கேமராக்கள் மெதுவானவை, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் காத்திருக்க வேண்டும். அவர் பல கேமராக்களைக் கையில் வைத்துக்கொண்டு சமாளித்தார். பிறகு டேமன் வின்டர் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கச் சிப்பாய்களின் அன்றாடத்தை ஐபோனில் எடுத்து நியூயார்க் டைம்ஸுக்குத் தந்தார். 2011இல் அந்தத் தொடர் சர்வதேசப் போட்டியில் மூன்றாம் பரிசு பெற்றபோது, செயலி கூட்டிய நிறத்தைச் செய்திப்படத்தில் ஏற்கலாமா என்று பெரிய சண்டையே நடந்தது.

இதைப் படித்துவிட்டு போனே போதும் என்று முடிவுகட்டவும் கூடாது. சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழ் 2013 மே மாதம் தன் முழுநேரப் புகைப்படக்காரர்கள் 28 பேரையும் ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பியது. நிருபர்களுக்கு ஐபோனில் படமெடுக்கப் பயிற்சி தரப்போவதாகச் சொன்னது. ஐபோன் நல்ல கருவிதான். ஆனால் விளையாட்டு மைதானத்தின் மறுமுனைக்கு அது எட்டாது; செய்தி சேகரித்துக்கொண்டே படமும் எடுப்பவருக்கு இரண்டு கண்ணும் இரண்டு கையும்தான். போன் இரண்டாவது கேமரா. பெரிய கேமராவை வெளியே எடுக்க முடியாத இடங்களில் முதல் கேமரா.

இனி விளக்கு.

நியூயார்க்கில் 1930களிலும் நாற்பதுகளிலும் குற்றச் செய்திகளைத் துரத்திய வீஜீ, ஸ்பீட் கிராஃபிக் என்ற கனத்த பெட்டிக் கேமராவில் ஃப்ளாஷ் பல்பைப் பொருத்திக்கொண்டு அலைந்தார். எஃப்/16, 1/200, பத்தடி தூரம்: இந்த அளவுகளை அவர் பெரும்பாலும் மாற்றவே மாட்டார். ஒரு பல்பு ஒரு படத்துக்குத்தான். எரிந்ததும் எறிந்துவிட வேண்டும். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலாவும் ஸ்பீட் கிராஃபிக் தூக்கியவர்தான். புடவையில், சைக்கிளில், அந்தச் சுமையோடு டெல்லியைச் சுற்றிச் சுதந்திரத்தின் முதல் ஆண்டுகளைப் படமாக்கினார். மறுபக்கம் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் ஃப்ளாஷ் போடுவதையே அநாகரிகமாகக் கருதியவர். லைக்காவும் 50 மி.மீ. லென்ஸும் இருக்கிற வெளிச்சமும்தான் அவருக்கு.

இந்தச் சண்டையில் யார் பக்கம் நிற்பது என்பது இடத்தைப் பொறுத்தது. 2004 டிசம்பர் 28 அன்று கடலூரில் ராய்ட்டர்ஸுக்காக ஆர்கோ தத்தா எடுத்த படம், அந்த ஆண்டின் உலகச் செய்திப்படமாகத் தேர்வானது. சுனாமியில் உறவைப் பறிகொடுத்த பெண் மணலில் விழுந்து இரு கைகளையும் விரித்துக் கதறுகிறார். இறந்தவரின் கை மட்டும் படத்தின் ஓரத்தில் தெரிகிறது. அப்படி ஒரு துக்கத்தின் முன்னால் போய் ஃப்ளாஷ் அடித்தால் அந்தப் பெண் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார். பிறகு எடுப்பது வேறு படம். மருத்துவமனை, சாவு வீடு, வாடிவாசல் முன் மிரண்டு நிற்கும் காளை ஆகிய இடங்களில் ஃப்ளாஷைப் பையிலேயே வைத்துவிடுவது நல்லது.

ஆனாலும் ஃப்ளாஷ் வாங்காமல் இருக்க முடியாது. உச்சி வெயிலில் தலைப்பாகை கட்டிய விவசாயியைப் படமெடுத்தால் கண்கள் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள் விழும். அங்கே ஃப்ளாஷை வழக்கத்தை விட ஒரு படி குறைத்து அடித்தால் கண் திறக்கும், படம் ஃப்ளாஷ் போட்டது போலவும் தெரியாது. பெரும்பாலான கேமராக்கள் ஃப்ளாஷோடு 1/200 அல்லது 1/250க்கு மேல் வேகமாக ஓடாது, அதனால் லென்ஸை எஃப்/11, எஃப்/16 வரை சுருக்க வேண்டியிருக்கும். 2023இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 மார்க் 3 இந்தத் தளையை அறுத்துவிட்டது. எந்த வேகத்திலும் ஃப்ளாஷ் போடலாம். லட்சங்களில் விலை என்பதால் புதிதாக வருபவர் அதைச் செய்தியாக மட்டும் படித்து வைத்துக்கொள்ளலாம்.

ஃப்ளாஷுக்கு தூரம்தான் எதிரி. இரண்டு மீட்டரில் விழும் வெளிச்சத்தில் கால்வாசிதான் நான்கு மீட்டரில் விழும். பதினைந்து மீட்டர் தள்ளியிருக்கும் மேடையைப் பார்த்துச் சின்ன ஃப்ளாஷ் அடிப்பவர், முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் பிடரிக்கு வெளிச்சம் போடுகிறார். பத்திரிகையாளர் சந்திப்பு நடக்கும் சின்ன அறையில் ஃப்ளாஷின் தலையை வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பி அடித்தால் வெளிச்சம் மேலிருந்து மெதுவாக இறங்கும். வியர்த்த நெற்றி பளபளக்காது. அதே வித்தையைக் கல்யாண மண்டபத்தில் செய்தால் பலிக்காது. அங்கே கூரை இருபதடிக்கு மேலே இருக்கும், பச்சையோ ரோஸோ அடித்திருந்தால் மணமக்கள் முகமும் அதே நிறம். ஆகவே வாங்கும்போது தலை மேலேயும் பக்கவாட்டிலும் திரும்பும் ஃப்ளாஷா என்று மட்டும் பார்த்தால் போதும். கேமரா கம்பெனியின் சொந்த ஃப்ளாஷ்தான் வேண்டும் என்பதில்லை.

உள்ளங்கை அளவு எல்.இ.டி. பேனல் இப்போது எல்லோர் பையிலும் இருக்கிறது; நிருபருக்கு வீடியோவும் வேண்டுமே. பேட்டி தருபவரின் படத்துக்கு அதை விட நல்ல விளக்கு, ஜன்னல். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரவைத்து, மறுபக்க நிழலில் ஒரு தெர்மகோல் அட்டையைச் சாய்த்து வைத்தால் அது பிரதிபலிக்கும் வெளிச்சம் கன்னத்தின் இருட்டைப் பாதியாக்கிவிடும். சினிமாக்காரர்கள் காலம்காலமாகச் செய்வது இது.

வெளிச்சமே இல்லாத உலகத்தைப் படமெடுப்பவர்களும் இருக்கிறார்கள். மதுரையைச் சேர்ந்த எம். பழனி குமார் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். பாரி இணைய இதழின் புகைப்படக்காரர். 2022இல் முதல் தயாநிதா சிங்-பாரி விருதைப் பெற்றவர். தூய்மைப் பணியாளர்களையும், மீன் விற்கும் தன் தாயையும் அவர் திரும்பத் திரும்பப் படமாக்கினார். விடியுமுன் சந்தைக்குப் போகிறவர்களின் வாழ்க்கை தெருவிளக்கின் கீழேதான் நடக்கிறது. அதை ஃப்ளாஷால் பகலாக்கினால் படத்தில் இருந்து அந்த நேரமே போய்விடும்.

செகண்ட் ஹேண்ட் கேமரா வாங்குவதில் தவறே இல்லை. மிரர்லெஸ்ஸுக்கு மாறுபவர்கள் விற்றுத் தள்ளும் நல்ல டி.எஸ்.எல்.ஆர்.கள் சந்தையில் நிறைய. ஆனால் அவற்றில் பல, கல்யாண வீடுகளில் உழைத்துத் தேய்ந்தவை. ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்ற எண்ணை முதலில் கேட்க வேண்டும். கேனான் 5டி மார்க் 3, நிகான் டி750 போன்றவற்றின் ஷட்டருக்குக் கம்பெனி சொல்லும் ஆயுள் ஒன்றரை லட்சம் அடி. எஃப்/16இல் வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பார்த்தால் சென்சாரில் ஒட்டிய தூசி கறுப்புப் புள்ளியாகத் தெரியும். லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்னால் பார்க்க வேண்டும். சிலந்தி நூல் போல மெல்லிய கோடுகள் கிளை பிரிந்து ஓடினால் அது ஃபங்கஸ். பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம். கடலோர ஊர்க்காரர்களுக்கு இது தீராத தொல்லை. கேமராவைத் துணிப்பையிலோ தோல் உறையிலோ மாதக்கணக்கில் அடைத்து வைக்காமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வைப்பதே மலிவான வைத்தியம்.

பட்ஜெட் போடும்போது எல்லோரும் மறப்பது கடைசிக் கட்டச் செலவு. 2015 நவம்பரில் ராய்ட்டர்ஸ் தன் ஃப்ரீலான்ஸ் படக்காரர்களுக்கு, ரா (RAW) வடிவில் எடுத்து மாற்றிய படம் வேண்டாம், கேமராவிலிருந்தே வந்த ஜேபெக்கை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டது. வேகம் ஒரு காரணம், படத்தை மாற்றிவிட இடம் தராதது இன்னொன்று. மாவட்டப் பதிப்பு அச்சுக்குப் போகும் நேரத்துக்குள், தேரடியிலோ ஆஸ்பத்திரி வாசலிலோ நின்றபடி படத்தை போனுக்கு மாற்றி, யார், எங்கே, எப்போது என்று பெயர்களில் எழுத்துப்பிழையில்லாமல் நாலு வரி தட்டி அனுப்ப வேண்டும். கேமராவிலேயே வைஃபை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் போனில் செருகும் கார்டு ரீடர் ஒன்று. கூடவே இரண்டாவது மெமரி கார்டு, இரண்டாவது பேட்டரி, பவர் பேங்க். கூட்டம் கூடிய இடத்தில் ஒரு கம்பெனியின் டவர் திணறினால் மாற்றிக்கொள்ள வேறு கம்பெனியின் சிம் ஒன்று.