ஒரு மணி நேரத்தில் ஒரு பெண்ணை எடை போடலாமா?

'பிக் பாஸ்' ஓடுகிற நாட்களில், ராத்திரிச் சாப்பாடு ஆனதும் எங்கள் வீட்டு டி.வி. முன்னால் ஒரு பஞ்சாயத்தே கூடிவிடும். "அந்தப் பொண்ணு அழறதெல்லாம் வேஷம்!" என்பார் என் மாமியார். "இல்லே பாட்டி, எல்லாரும் சேர்ந்து அவளை ஒதுக்கறாங்க" என்று மகள் மல்லுக்கு நிற்பாள். அடுப்பங்கரையைத் துடைத்தபடியே நானும் என் தீர்ப்பைச் சொல்லி வைப்பேன்.

அந்த வீட்டில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் 24 மணி நேரமும் பார்க்கிறார்கள். ஆனால் அவர்களுக்குள் போட்டி. நமக்குப் போட்டியில்லை, ஆனால் நாம் பார்ப்பது வெட்டி ஒட்டிய கொஞ்ச நேரத்தை மட்டுமே. யார் பார்வை சரி? இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஜேட் கூடியின் ஞாபகம் வரும்.

'பிக் பாஸ்' நிகழ்ச்சிக்கு மூலம், 1999-ல் நெதர்லாந்தில் தொடங்கிய 'பிக் பிரதர்'. அதன் இங்கிலாந்து நிகழ்ச்சிக்குள் 2002-ல் போனவர் ஜேட். பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்த ஏழைப் பெண். உலக விஷயம் தெரியாமல் எதையாவது உளறுவார். பத்திரிகைகள் அவரைப் பன்றி என்றுகூட எழுதின. அப்பா போதைக்கு அடிமையாகி ஜெயிலுக்குப் போனவர். விபத்தில் ஒரு கை விளங்காமல் போன அம்மாவைச் சின்ன வயசிலிருந்தே கவனித்துக்கொண்டவர் ஜேட். இதையெல்லாம் காமிரா காட்டுமா? போகப்போக அந்த வெகுளித்தனமே ஜனங்களுக்குப் பிடித்துப் போனது.

2007 ஜனவரியில், பிரபலங்களுக்கான 'பிக் பிரதர்' வீட்டில் நம் நடிகை ஷில்பா ஷெட்டியும் ஜேட்டும் சேர்ந்து இருந்தார்கள். சமையலுக்குப் போடும் சூப்புக் கட்டிக்காகச் சண்டை! ஜேட் கத்தித் தீர்த்தார். ஷில்பாவை 'அப்பளம்' என்று இளப்பமாகப் பேசினார். உள்ளே அவர் பக்கம் ஆள் இருந்தது. வெளியே நிலைமை வேறு. 40,000-க்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. 82 சதவீத ஓட்டில் ஜேட் வெளியேற்றப்பட்டார். ஷில்பா ஜெயித்தார். ஜேட் பேசியது தப்புதான். அழுது மன்னிப்புக் கேட்டார், ஷில்பாவும் மன்னித்தார்.

2008 ஆகஸ்டில், அதே ஷில்பா நடத்திய இந்தி 'பிக் பாஸ்' வீட்டுக்கு ஜேட் வந்தார். வந்த இரண்டொரு நாளிலேயே ஊரிலிருந்து தகவல்: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்! 2009 மார்ச் 22-ந் தேதி, 27-வது வயதில், இரண்டு பச்சைப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

கடைசி நாட்களையும் அவர் காமிரா முன்னால்தான் கழித்தார். "பணத்தாசை" என்றவர்களும் உண்டு. பிள்ளைகளின் படிப்புக்காகச் சேர்க்கிறேன் என்றார் அவர். எந்தத் தாய் அப்படி நினைக்க மாட்டாள்? அவர் கதையைக் கேட்டு அந்தச் சமயத்தில் 4 லட்சம் பெண்களுக்கு மேல் கூடுதலாகப் பரிசோதனைக்குப் போனார்கள். ஊரே திட்டிய பெண் எத்தனை உயிரைக் காப்பாற்றியிருப்பாரோ!

சகோதரிகளே, இந்த நோய் ஆரம்பத்தில் வெளியே தெரியாது. வருஷக்கணக்கில் மெள்ள வளரும். முன்கூட்டியே கண்டுபிடித்தால் குணமாக்கலாம். 30 வயது தாண்டிய பெண்கள் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். அரசு ஆஸ்பத்திரிகளிலும் செய்கிறார்கள். 9 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குத் தடுப்பூசி பற்றி டாக்டரைக் கேளுங்கள்.

நானும் கூச்சப்பட்டு வருஷக்கணக்காகத் தள்ளிப் போட்டவள்தான். ஜேட் கதையை ஒருநாள் மாமியாரிடம் சொன்னேன். வழக்கம்போல ஏதாவது தீர்ப்புச் சொல்வார் என்று பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "நாளைக்கே கிளம்பு. நானும் கூட வரேன்" என்றார்.

பத்து நிமிஷ வேலை. பயப்படும்படி ஒன்றுமில்லை என்றார் டாக்டரம்மா. திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமியார் என் கையைப் பிடித்தபடியே வந்தார். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், இவரைக் கண்டிப்பானவர் என்று மட்டும்தானே நினைத்திருந்தேன்!